கால்பங்கு வானம்

எக்கெர்ட் ஃபோஸுக்குக் கழுத்தே கிடையாது என்று கீல் கடற்கழியின் இரண்டு கரையிலும் கேலி பேசுவார்கள். கழுத்து இருந்தது, திருப்பத்தான் மாட்டார். ஃபெர்ரி துறையை நெருங்கும்போது கயிற்றை வீசி இரும்புக் கட்டையில் மாட்டுகிற வேலை அவருக்கு. கயிறு முறுக்கேறி நிற்கும்வரை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், கரையில் வீடே பற்றி எரிந்தாலும், அவர் கண் கயிற்றை விட்டு நகராது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நகர்ந்ததில்லை.

"என்னய்யா, கழுத்துக்கு எண்ணெய் போடறதில்லையா? துருப்பிடிச்சிருச்சா?" என்பார் மேலே சக்கரம் பிடிக்கிற ரிக்கெர்ட்.

"கயிறு அறுந்தா போறது உன் காலு. வாய மூடிக்கிட்டு ஓட்டு" என்பார் எக்கெர்ட்.

சனங்கள் சிரிப்பார்கள். போர்க்காலத்துப் பழக்கம், பாவம், என்று தங்களுக்குள் மெல்லச் சொல்லிக்கொள்வார்கள். உண்மைதான், போர்க்காலத்துப் பழக்கம்தான். ஆனால் அது எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் ஒருத்தரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

கிழக்குக் கரைத் துறைக்கு வருகிற வழியில் நினைவுத்தூண் நிற்கிறது. உச்சியில் பெரிய கழுகு. கீழே வளைந்து போகிற சுவரில் வெண்கலப் பலகைகள். ஒவ்வொரு நீர்மூழ்கிக்கும் அதன் எண், எண்ணுக்குக் கீழே அதோடு போனவர்களின் பெயர்கள். ஃபெர்ரி அதைத் தாண்டும்போது வயசானவர்கள் தொப்பியை எடுப்பார்கள், எடுத்த கையோடு எக்கெர்ட்டையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அங்கே ஒரு பலகையில் நாற்பத்தெட்டுப் பேர். அந்த நீர்மூழ்கியில் போனவர்கள் நாற்பத்தொன்பது பேர். மிச்சமான ஒரு ஆள் இதோ நிற்கிறார். சொல்லி வைத்தாற்போல அந்த நேரம் பார்த்து எக்கெர்ட்டின் கயிற்றில் ஒரு சிக்கல் விழும், குனிந்துகொள்வார்.

மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. வருஷா வருஷம் நவம்பரில், செத்தவர்களை நினைக்கிற ஞாயிற்றுக்கிழமையில், மலர்வளையம் வைக்கும்போது முதல் வரிசையில் அவருக்கு இடம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது மேற்குக் கரையிலிருந்து வரும் ப்ரோடர்சன் அம்மா. எழுபத்தெட்டு வயது. ஒரே பையன் ஊவே, அந்த நீர்மூழ்கியில் அதிகாரியாக இருந்து செத்தவன். பையன் பிறந்தநாள் டிசம்பர் மூன்றாம் தேதி. அன்றைக்கு அந்த அம்மா பாதாம் கேக் சுடுவாள், எக்கெர்ட்டைக் கூப்பிட்டுப் பையனுடைய நாற்காலியில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுவாள். இருபத்தைந்து வருஷமாகச் சாப்பிடுகிறார். ஒரு வாய்கூட நல்லபடியாக இறங்கியதில்லை.

நினைவுத்தூண் வாசலில், கடல் காற்று நேராக வந்து முகத்தில் அறைகிற இடத்தில், எல்லாருக்கும் பின்னால் ஒருத்தி நிற்பாள். வீப்கே. ஹார்ம் லோரென்சனின் மனைவி. துறைக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். ஹார்மின் பெயரும் அதே பலகையில் இருக்கிறது. ஆனால் அவளை யாரும் முன்னால் வா என்று கூப்பிடுவதில்லை. ஹார்ம் காவலில் தூங்கிவிட்டான், அதனால்தான் அத்தனை பேரும் செத்தார்கள் என்பது ஊர் அறிந்த சேதி. கூட்டம் முடிந்து எல்லாரும் குளிருக்கு அவள் கடையில் காப்பி குடிக்கப் போவார்கள். ப்ரோடர்சன் அம்மா மட்டும் ஃபெர்ரி வரும்வரை துறையிலேயே நடுங்கிக்கொண்டு நிற்பாள்.

"உள்ள போய் உக்காரலாம்மா" என்று யாராவது சொன்னால், "அந்தக் கையால காப்பி குடிக்கறதுக்குக் கடல் தண்ணியக் குடிக்கலாம்" என்பாள், வீப்கே காதில் விழும்படியாகவே.

எக்கெர்ட் பக்கத்தில்தான் நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருபத்தைந்து வருஷம் வாய் பொத்தி நின்ற மனுஷன் அவர். கட்டிய மனைவி ஏழு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். "எதையோ உள்ள வெச்சுக்கிட்டுப் புழுங்கற. எங்கிட்டச் சொல்லவும் மாட்டேங்கற" என்று சொல்லிவிட்டு ஹாம்பர்க்கில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

1971 செப்டம்பரில் லாஸ்ஸன் வாத்தியார் நோட்டுப் புத்தகத்தோடு ஃபெர்ரியில் ஏறினார். ஓய்வு பெற்றபின் ஊர் வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். வருஷக் கடைசியில் அச்சுக்குப் போகிறது, பள்ளிக்கூடத்திலும் வைக்கப் போகிறார்கள்.

"ஒரே ஒரு வரி சரிபார்க்கணும் எக்கெர்ட். 'இடது பின்பக்கக் காவலாளி ஹார்ம் லோரென்சனின் கவனக்குறைவால்'னு எழுதியிருக்கேன். சரிதானே?"

எக்கெர்ட் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, அப்படித்தான்" என்றார்.

சொல்லி முடித்ததும் காதெல்லாம் சுட்டது. இருபத்தொரு வயதில் சொன்ன பொய்க்குப் பயம் என்று ஒரு சாக்கு இருந்தது. நாற்பத்தொன்பது வயதில், பட்டப்பகலில், நல்ல வெயிலில் சொன்ன இந்தப் பொய்க்கு என்ன சாக்கு இருக்கிறது? ஒன்றும் கிடையாது.

மறுவாரம் வீப்கே துறைக்கே வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது, கழுவக்கூட நிற்காமல் வந்திருக்கிறாள். ஃபெர்ரியில் ஏறவில்லை, கட்டைப் பக்கத்தில் நின்றாள்.

"எக்கெர்ட், புத்தகத்துல போடறாங்களாமே. என் பேரன் ரெண்டாங்கிளாஸ் படிக்கறான். நாளைக்கு அவன் தாத்தா பேர எழுத்துக்கூட்டிப் படிக்கறப்ப, அதுக்குப் பக்கத்துல அது இருக்கும்."

அவர் கயிற்றைப் பார்த்தபடியே நின்றார்.

"இத்தன வருஷம் நான் உன்ன ஒண்ணும் கேட்டதில்ல. நம்ம மூணு பேரும் ஒரே பள்ளிக்கூடம். நீ பாத்தவன், நான் பாக்காதவ. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு தூங்கினாரா?"

மேலே ரிக்கெர்ட் சங்கு ஊதினார், கிளம்ப வேண்டும். எக்கெர்ட் கயிற்றை அவிழ்க்கவில்லை. முதல் தடவையாக வேலை நேரத்தில் அவர் கழுத்து திரும்பியது.

"தூங்கல" என்றார்.

"பின்ன?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேன், வீப்கே. நவம்பர்ல. எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. "சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பி நடந்தாள்.

என்னதான் நடந்தது அன்றைக்கு? சொல்கிறேன். அப்போது எக்கெர்ட்டுக்கு வயது இருபத்தொன்று. இனிக் கொஞ்ச நேரம் 'அவன்' என்றுதான் சொல்லப் போகிறேன். 'அவர்' போட்டுச் சொல்லும்படி அவன் அன்றைக்கு ஒன்றும் சாதித்துவிடவில்லை.

1943 வசந்தகாலம். ஒன்பது வாரம் அட்லாண்டிக்கில் அலைந்துவிட்டுப் பிரெஞ்சுக் கரையில் இருந்த தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொன்பது ஆம்பளைகளுக்கு ஒரே கக்கூஸ், ஒன்பது வாரமாக அதே சட்டை, வெள்ளைப் பூஞ்சை பூத்து முயல்குட்டி மாதிரி ஆகிவிட்ட ரொட்டி. டீசல் நாற்றம் தோலுக்குள்ளேயே போய்விட்டது. இவ்வளவுக்கும் பலன் ஒரே ஒரு சரக்குக் கப்பல். நாலாயிரத்து எண்ணூறு டன். அது மூழ்கியபோது தண்ணீரில் சின்னச் சின்ன விளக்குகள் மிதந்ததை எக்கெர்ட் நீர்மூழ்கியின் மேலே துருத்தி நிற்கும் கோபுரத்தில் நின்று பார்த்தான். ஒவ்வொரு விளக்கும் ஒரு ஆளின் மிதவைச் சட்டையில் குத்தியது. நீர்மூழ்கிப் படகு திரும்பிப் போய்விட்டது.

கப்பலை அடித்துவிட்டு வருகிற நீர்மூழ்கி தளத்துக்குள் நுழையும்போது சின்னக் கொடி ஒன்றைப் பறக்கவிட வேண்டும், அதில் டன் கணக்கை எழுத வேண்டும். அது அவர்கள் வழக்கம். கரையில் பேண்டு வாசிப்பார்கள், பெண்கள் பூ கொடுப்பார்கள், எல்லாரும் கொடியைத்தான் முதலில் பார்ப்பார்கள். கொடி தைக்கிற வேலை எக்கெர்ட்டுக்கு. அப்பா தையல்காரர், ஊசி அவனுக்குக் கைவந்த வேலை. வெள்ளைத் துணியில் கறுப்புத் துணியை எண்ணாக வெட்டி வைத்துத் தைத்தான். எட்டு என்ற எண் மட்டும் படுத்தி எடுத்தது. மூன்று தரம் பிரித்துத் தைத்தான். அந்த விளக்குகளை ஒரு தரம்கூட நினைக்கவில்லை, எட்டு கோணாமல் வர வேண்டும் என்றுதான் நினைத்தான்.

கோபுரக் காவலுக்கு ஒரு சட்டம் உண்டு. நாலு பேர் நாலு மூலையில் நிற்பார்கள், ஆளுக்குக் கால்பங்கு வானம். உன் கால்பங்கு உன்னுடையது. மற்றவன் பங்கில் திமிங்கிலம் குதித்தாலும், தேவதையே இறங்கி வந்தாலும் நீ திரும்பக் கூடாது. நீ திரும்பினால் உன் பங்கைப் பார்க்க உலகத்தில் வேறு ஆள் இல்லை. அன்று காலை வலது பின்பக்கம் எக்கெர்ட், இடது பின்பக்கம் ஹார்ம். நடுவில் அதிகாரி ஊவே ப்ரோடர்சன்.

கரைக்கு ஒரு நாள்கூட இல்லை. கடல் அமைதியாகக் கிடந்தது. படகின் மேல்தட்டு ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி கொடியோடு மேலே வந்தார்.

"கயிறு சரியா ஓடுதான்னு ஒரு தரம் ஏத்திப் பாக்கறேன், ஐயா" என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு ஏற்றினார். ஏற்றிவிட்டு, "அடேங்கப்பா, யார்ரா தச்சது? நம்ம தையக்காரப் பயலா? ராஜாவுக்குச் சட்ட தைக்கலாம் போலிருக்கே!" என்றார்.

எக்கெர்ட் திரும்பினான்.

கொடி விரிந்து படபடத்தது. எட்டு நேராகத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு தையல் இழுத்துக்கொண்டு சுருங்கியிருந்தது. அடடா, அதைப் பிரிக்க வேண்டுமே என்று அதையே பார்த்தான். பத்து நொடி, இல்லை பதினைந்து. அவனுடைய கால்பங்கு வானத்தில், தாழ்வாகத் தொங்கிய ஒரு மேகத்திலிருந்து, விமானம் அப்போதுதான் இறங்கியது.

முதலில் கத்தியது ஹார்ம். சத்தம் காதில் விழுந்து, சட்டத்தை மீறித் திரும்பி, "விமானம்! வலது பின்னால!" என்று கத்தினான். அவன்தான் பார்த்தான். அவன்தான் துப்பாக்கியிடம் ஓடினான். மற்றவர்கள் படகுக்குள் குதிக்க நேரமில்லை. குண்டு படகின் முதுகை உடைத்தது. கோபுரத்தில் இருந்தவர்களைத் தண்ணீர் வாரிக்கொண்டு போனது, உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே போனார்கள். ஹார்மை எக்கெர்ட் கடைசியாகப் பார்த்தபோது அவன் சுட்டுக்கொண்டிருந்தான்.

தண்ணீரில் மிதந்தவர்கள் கடைசியில் இரண்டே பேர், எக்கெர்ட்டும் ஊவே ப்ரோடர்சனும். ஊவேயின் இடுப்புக்குக் கீழே அடி. எக்கெர்ட் அவன் சட்டைக் காலரைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் மிதந்தான். அது பொய்யில்லை, அதை மறுக்க முடியாது.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?" என்று ஊவே கேட்டான்.

எக்கெர்ட் காலரை விட்டுவிட்டு, "ஹார்ம் பக்கத்துலேர்ந்து, ஐயா" என்றான்.

ஏன் சொன்னான்? ஊவே பிழைத்துவிடுவான், தளத்தில் போய் எழுதிக் கொடுத்துவிடுவான் என்ற பயம். கால் மணி நேரத்தில் ஊவே செத்துப்போனான். அப்போது குளிரில் விறைத்துப் போன எக்கெர்ட்டின் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. சீ, என்ன மனசு இது என்று அவனே நினைத்தான். நினைத்தாலும் நிம்மதி நிம்மதியாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஒரு காவல் படகு அவனைத் தூக்கியது. தளத்தில் விசாரித்தபோது அதே பொய்யைச் சொன்னான், அவர்களும் எழுதிக்கொண்டார்கள். இங்கிலாந்து இருப்பது அந்தப் பக்கம்தானே, விமானம் அங்கேயிருந்துதானே வரும், ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. காலில் பட்ட காயத்தால் போர் முடியும்வரை கரையிலேயே வைத்துவிட்டார்கள். 46இல் ப்ரோடர்சன் அம்மா தேடி வந்து, "எம்புள்ள எப்படிப் போனான், சொல்லுப்பா" என்று கேட்டபோது மூன்றாம் தரம் சொன்னான். கடைசியில் 'அம்மா' என்றுதான் சொன்னார் என்று ஒரு பொய்யும் சேர்த்துக் கொடுத்தான். அந்த அம்மா ஒருத்தியிடம் சொல்ல, அவள் இன்னொருத்தியிடம் சொல்ல, ஹார்ம் 'பார்க்காமல் விட்டுவிட்டான்' என்பது 'தூங்கிவிட்டான்' ஆனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்போது வீப்கேயின் மடியில் அப்பன் முகம் பார்க்காத மூன்று வயதுப் பெண் குழந்தை. கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்களே அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போனார்கள்.

நவம்பர் ஞாயிறு வந்தது. மழை பிசுபிசுத்தது. சங்கத் தலைவர் வழக்கம்போல, "நம்ம எக்கெர்ட் ரெண்டு வார்த்த பேசுவார்" என்றார். வழக்கம்போல இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிற எக்கெர்ட் அன்றைக்கு நகரவில்லை. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

"ஹார்ம் தூங்கல. விமானம் என் பக்கத்துலேர்ந்து வந்துச்சு. நான்தான் திரும்பிட்டேன். அவன்தான் முதல்ல பாத்துக் கத்தினான். இத்தன வருஷம் நான் சொன்னது பொய். இந்த நாப்பத்தெட்டுப் பேரும் என்னாலதான் செத்தாங்க."

ஊர் இப்போது தன்னைக் காறித் துப்பும் என்று எக்கெர்ட் காத்திருந்தார். துப்பட்டும், துப்பினால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்றிருந்தது அவருக்கு.

சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கட்டிப் பிடித்தார். "பாத்துக்குங்க, இதுதான் தோழன்! செத்தவன் பேர் கெடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கறான் பாருங்க. இவன மாதிரி ஒரு ஆள் இனிமே பொறப்பானா?"

"இல்ல, நான் நெசமாத்தான்..."

"தெரியும்ப்பா, தெரியும்" என்று முதுகைத் தட்டினார். லாஸ்ஸன் வாத்தியார் அருகில் வந்து மெல்ல, "பெரிய மனசு எக்கெர்ட் உனக்கு. ஆனா வரலாறுன்னா தளத்து ஏட்டுல என்ன இருக்கோ அதத்தான் எழுதணும்" என்றார். ப்ரோடர்சன் அம்மா அவர் கன்னத்தைத் தடவினாள். "எம்புள்ளையோட கடைசி வரைக்கும் இருந்தவனாச்சே. நீ இப்படித்தான் இருப்ப."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எக்கெர்ட்டுக்கு. இருபத்தைந்து வருஷம் பொய் சொன்னார், நம்பினார்கள். ஒரே ஒரு நாள் உண்மை சொன்னார், அதற்கும் மாலை போடுகிறார்கள்.

கூட்டம் கலைந்தபின் வாசலில் வீப்கே காத்திருந்தாள். தலையில் கட்டிய துணி நனைந்து ஒட்டியிருந்தது.

"நல்லாத்தான் பேசின" என்றாள். "இப்ப நீ இன்னும் பெரிய ஆளாயிட்ட. அவரு இன்னும் தூங்கிக்கிட்டேதான் இருக்காரு."

"நான் என்ன செய்ய வீப்கே? சொல்லிட்டேனே. யாரும் நம்பலையே."

"கூட்டத்துக்கு நடுவுல நின்னு சொன்னா கூட்டம் தனக்குப் பிடிச்சதத்தான் கேக்கும். ஒரு ஆளுக்கு முன்னால உக்காந்து சொல்லு. யாருக்கு முன்னாலன்னு உனக்கே தெரியும். அங்க போய் நீ கேக் தின்னுட்டு வர்ற." அவள் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தாள். "நான் அழுதுக்கிட்டு நிக்கப் போறதில்ல. எனக்கு வேணுங்கறது அந்த ஒரு வரி போகணும். அவ்வளவுதான்."

டிசம்பர் மூன்றாம் தேதி. மேற்குக் கரையில் ப்ரோடர்சன் அம்மா வீட்டு மேஜையில் பாதாம் கேக், இரண்டு கோப்பை, சுவரில் சீருடையில் ஊவே. எக்கெர்ட் நாற்காலியில் உட்காரவில்லை.

"உக்காருப்பா. ஆறிப்போயிடும் காப்பி."

"அம்மா, ஊவே ஐயா கடைசியா 'அம்மா'ன்னு சொல்லல."

அவள் கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"'எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு'ன்னு என்னக் கேட்டாரு. ஹார்ம் பக்கத்துலேர்ந்துன்னு சொன்னேன். பொய். என் பக்கம்தான். நான் தச்ச கொடிய ஏத்திப் பாத்தாங்க. எப்படிப் பறக்குதுன்னு நான் திரும்பிப் பாத்தேன். ஒரு தையல் சுருங்கியிருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னேன்."

தையல் சுருங்கியிருந்தது என்று அவர் சொன்னபோதுதான் அந்த அம்மா நம்பினாள். தோழனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறவன் அவ்வளவு அற்பமான ஒரு விஷயத்தைச் சொல்ல மாட்டான். கத்தியைக் கீழே வைத்தாள்.

"சாகப் போறவன்கிட்டயாடா பொய் சொன்ன?"

"பிழைச்சுக்குவாருன்னு நெனச்சேம்மா. பிழைச்சா என்னக் காட்டிக் குடுத்துடுவாருன்னு."

அவள் பையனுடைய படத்தின் பக்கம் திரும்பினாள். படத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "அவன் செத்ததும் உனக்கு நிம்மதியா இருந்துச்சா?"

இதை யாரும் கேட்பார்கள் என்று எக்கெர்ட் நினைத்ததே இல்லை. இல்லை என்று சொல்ல வாய் வந்தது.

"ஆமாம்மா" என்றார்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. அவர் பக்கம் வைத்திருந்த தட்டை எடுத்தாள், கேக் துண்டைத் திரும்பக் கேக்கோடு சேர்த்து வைத்து மூடினாள். மேஜை டிராயரிலிருந்து தாளும் பேனாவும் எடுத்து வைத்தாள்.

"எழுது. எங்கிட்டச் சொன்னத, அப்படியே. கொடியையும் எழுது, தையலையும் எழுது. கையெழுத்துப் போடு."

"நிம்மதியா இருந்ததையுமா?"

"அது எனக்கும் உனக்கும்" என்றாள். "நின்னுக்கிட்டே எழுது. அது எம்புள்ள நாற்காலி."

எக்கெர்ட் குனிந்து நின்று எழுதினார். எழுத்து கோணியது, எட்டு மட்டும் நேராக வந்தது. அவள் வாங்கி, கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்து, "இருபத்தஞ்சு வருஷம்" என்றாள். "அந்தப் பொண்ண நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கேன். வாசலத் தாண்டிப் போ. இனிமே இங்க வராத."

இரண்டு நாள் கழித்து, காலைப் பத்தரை மணி ஃபெர்ரிக்கு அவள் மேற்குக் கரைத் துறையில் வந்து நின்றாள். கறுப்புக் கோட்டு, கைத்தடி, அக்குளில் இடுக்கிய கைப்பை. பலகையில் ஏறும்போது வயசானவர்களுக்குக் கை கொடுப்பது எக்கெர்ட்டின் வேலை. கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. ஈரமாய்க் கிடந்த கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வைத்து, தானாகவே ஏறினாள். மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த ரிக்கெர்ட்டுக்குக் கேலி பேச வாய் வரவில்லை.

நினைவுத்தூணைத் தாண்டும்போது எக்கெர்ட்டின் கயிற்றில் சிக்கல் விழவில்லை. நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். தூரத்தில் பெயர்கள் தெரியாது, எந்த இடத்தில் ஹார்ம் என்று அவருக்குத் தெரியும்.

கிழக்குத் துறையில் அவள் இறங்கி நேரே ரொட்டிக்கடையைப் பார்த்து நடந்தாள். கடைக்குள் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அவளும் வரிசையில் போய் நின்றாள். அவ்வளவுதான் எக்கெர்ட்டுக்குத் தெரிந்தது. அதற்குள் கயிற்றை அவிழ்க்க வேண்டியிருந்தது, காற்று வேறு கிளம்பியிருந்தது. கடைக் கதவு மணி கேட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உடம்பு மொத்தமும் துடித்தது. வாழ்நாளில் அவருக்கு வேறு எதையும் அவ்வளவு பார்க்கத் தோன்றியதில்லை. கயிறு கட்டையை விட்டு வழுக்கி, தண்ணீரில் விழுந்து, ஃபெர்ரியின் மேல்தட்டுக்கு வந்து சேரும்வரை கயிற்றையே பார்த்தார். நிமிர்ந்தபோது துறை தூரமாகிவிட்டது.

அடுத்த நடையில் வந்தபோது அவர்கள் அங்கே இல்லை. "ரெண்டு பேரும் வாத்தியார் வீட்டுப் பக்கம் போனாங்க, கடையப் பூட்டிட்டு" என்று துறையில் யாரோ சொன்னார்கள். அதற்கு அடுத்த நடையும் போயிற்று.

மத்தியானம் ஒன்றரை மணிக்குத் துறையில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். ப்ரோடர்சன் அம்மாவின் கையில் வெண்ணெய் மினுங்கும் ரொட்டிப் பொட்டலம், அதன் ஒரு மூலை ஏற்கெனவே பிரிந்திருந்தது. மூக்கு சிவந்திருந்தது. வீப்கே அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். சமாதானமான இரண்டு பேர் மாதிரி இல்லை. ஒரே சாவு வீட்டிலிருந்து எழுந்து வந்த இரண்டு பேர் மாதிரி இருந்தார்கள்.

"பாத்து ஏறுங்கம்மா. பலக ஈரமா இருக்கு" என்றாள் வீப்கே.

எக்கெர்ட் கயிற்றைக் கட்டையில் மாட்டியிருந்தார், இன்னும் இறுக்கவில்லை. அவர் தலை தூக்கி வீப்கேயைப் பார்த்தார். அந்த வரி போய்விட்டதா என்று கேட்க வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வாய் திறந்தது.

வீப்கே கிழவியின் கையை விடாமல் அவரைப் பார்த்தாள். கோபமில்லை, இரக்கமும் இல்லை.

"போயிருச்சு" என்றாள். "உன் கயித்தப் பாரு, எக்கெர்ட்."

அவர் கயிற்றைப் பார்த்தார்.